தொட்டித் தண்ணீர்

கருவிழியைக் கொஞ்சம் சுரண்டி எடுக்கணும், பத்து நிமிஷ வேலைதான் என்று அந்த நர்ஸ் பெண் சொன்ன விதம், அடிப்பிடித்த பால் பாத்திரத்தைப் பற்றிச் சொல்வது போல இருந்தது. மதிவாணன் தலையாட்டினான். மனைவி தமயந்தி அவன் பக்கம் திரும்பவில்லை. இடது கண்ணைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, வலது கையால் சுவரைத் தடவியபடி உள்ளே போனாள். கதவு சாத்தியதும் அவள் கைப்பையோடு அவன் கண் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றான். உட்கார இடம் இருந்தது, ஆனால் அந்த நீல நாற்காலியில் யாரோ சற்றுமுன்தான் எழுந்து போயிருந்தார்கள், இன்னும் சூடு இருக்கும். அடுத்தவர் உடம்புச் சூடு. அதில் உட்கார்வதை நினைத்தாலே அவனுக்கு முதுகெலும்பு சிலிர்க்கும். அவன் பாடம் நடத்தும் பாலிடெக்னிக்கில் அவன் வரைபட மேசையை மாணவர்கள் தொடமாட்டார்கள், தொட்டால் டெட்டால் போட்டுத் துடைப்பார் என்று ஒரு கேலி உண்டு. கைக்குட்டையை விரித்துப் போட்டு விளிம்பில் உட்கார்ந்தான். எதிர் வரிசை முழுக்கக் கண்கள். பஞ்சு ஒட்டிய கண், பிளாஸ்டிக் மூடி போட்ட கண், எதுவும் போடாமல் பீளை வழிந்து இமை ஒட்டிக்கிடக்கும் ஒரு கிழவரின் கண். அவர் அதைத் துண்டின் நுனியால் துடைத்து, துடைத்ததைப் பார்த்து, அதே துண்டால் வாயையும் துடைத்துக்கொண்டார். மதிவாணன் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பினான்.

திரும்பியது தப்பாகப் போயிற்று. சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு விளம்பரத்தட்டி. கருவிழி நோய்களும் காரணங்களும் என்று பச்சை எழுத்தில் தலைப்பு, கீழே வரிசையாகப் புகைப்படங்கள், ஒவ்வொரு கண்ணும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. அறுவடையில் நெல் குத்திப் பூஞ்சை பிடித்த கண், தயிர் தெளித்தது போல. பச்சிலைச் சாறும் கோழி ரத்தமும் விட்டதால் குழம்பிப்போன கண். சுண்ணாம்பு டப்பா வெடித்த குழந்தையின் கண், அது கண்ணாகவே இல்லை, வெந்த முட்டை. சொந்தத்துக்குள் கல்யாணம் செய்தவர்களுக்குப் பிறந்த பிள்ளையின் கண்கள் இரண்டும் பனி மூடிய கண்ணாடி மாதிரி நீலம் பாரித்துக்கிடந்தன. உடம்பில் செம்பு தங்குவதால் கருவிழி ஓரத்தில் வளையம் விழுந்த ஒன்று. கூம்பாகப் பிதுங்கிய ஒன்று. பார்க்க வேண்டாம் என்று நினைக்க நினைக்கக் கண் அங்கேயே போயிற்று, புண்ணை நக்கும் நாய் மாதிரி. ஒவ்வொரு படத்துக்கும் கீழே காரணம் என்று ஒரு வரி. யாராவது ஒருவர் செய்த ஒரு காரியம். யாரோ அந்தக் கோழியை அறுத்திருக்கிறார்கள், யாரோ சுண்ணாம்பு டப்பாவைக் குழந்தை கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்திருக்கிறார்கள், நல்ல எண்ணத்தோடுதான் செய்திருப்பார்கள், ஆனாலும் அவர்கள் பெயர் அங்கே இல்லை, கண் மட்டும் இருக்கிறது. கடைசி வரிசையில், மிக அரிதானவை என்ற தலைப்பின் கீழ், வெள்ளை வளையம் கட்டிய ஒரு சிவந்த கண். தமயந்தியின் கண் மாதிரியே. அமீபா என்ற உயிரி என்று எழுதியிருந்தது. காரணம்: அசுத்தமான நீர். இரண்டே வார்த்தை. அவன் அதைப் படித்தான். மறுபடி முதல் படத்திலிருந்து வந்தான், நெல், கோழி, சுண்ணாம்பு, சொந்தம், செம்பு, கூம்பு, வந்து அதே இடத்தில் நின்றான். அசுத்தமான நீர்.

கல்லை வைத்தேனா என்பதுதான் கேள்வி. ஆடி மாதம் இரண்டாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், உறையூரில் அவர்கள் குடியிருக்கும் அந்த நான்கு மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து சிகரெட் பாக்கெட்டை எடுத்தான், புகைத்தான், திரும்ப உள்ளே வைத்தான், மூடியைச் சாத்தினான். இதுவரை தெளிவாக நினைவிருக்கிறது. மூடி பிளாஸ்டிக், காற்றுக்குப் பறந்துவிடும் என்று மேலே ஒரு கருங்கல் வைப்பது வழக்கம். அந்தக் கல்லைத் தூக்கி வைத்தேனா. கல் மூடியில் உட்காரும் சத்தம் காதில் கேட்கிறது, ஆனால் அது எந்த நாளின் சத்தம். நூறு நாள் வைத்திருக்கிறான், நூறு சத்தமும் ஒன்றுபோலத்தான். அன்றைக்குக் கீழே இருந்து தமயந்தி போன் பண்ணினாள், அரிசி மூட்டைக்காரர் வந்திருக்கிறார் என்று. வாயில் புகை நாற்றம் போக ஏலக்காய் போட்டுக்கொண்டு அவசரமாக இறங்கினான். அவசரம் நினைவிருக்கிறது. ஏலக்காய் நினைவிருக்கிறது. கல் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தபோது அவள் தலையில் கை வைத்து, இனிமேல் தொடமாட்டேன் என்று சத்தியம் பண்ணியிருந்தான். தொட்டிக்குள் பைப் நுழைகிற இடத்தில் ஒரு சாண் அகலத்துக்கு ஒரு திட்டு உண்டு, ஈரம் படாது, யாரும் பார்க்கமாட்டார்கள். மாடியில் வேறு எங்கே வைத்தாலும் கூட்ட வருகிற செல்லம்மா கண்டுபிடித்துவிடுவாள். இந்தக் கட்டடத்து அசோசியேஷனுக்கு அவன்தான் செயலாளர், தொட்டிப் பக்கம் அவன் போனால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். மதி சார் சுத்தக்காரர், அவர் பொறுப்பில் விட்டால் கவலையில்லை என்று சொல்லித்தான் கைதட்டி அவனைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அந்த வாரம் ஆடிக் காற்று சன்னல்களை உதறிக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை முதல் மாடி பத்மாவதி அம்மா, தண்ணியில ஏதோ மீன் கழுவின வாடை வருது சார் என்றார். அவனுக்கே காலையில் பல் துலக்கும்போது நாக்கில் ஒரு கொழகொழப்பு தெரிந்தது, பேஸ்ட்டின் குற்றம் என்று நினைத்தான். மாலையில் மாடிக்குப் போனான். மூடி சுவரோரம் கவிழ்ந்து கிடந்தது. கல் தரையில் இருந்தது, யாரோ எடுத்து வைத்தது மாதிரி ஒழுங்காக. தொட்டிக்குள் குனிந்தபோது முதலில் தெரிந்தது சாம்பல் நிறத்தில் நுரை, பிறகு அது நுரையல்ல, இறகு. நடுவில் புறா ஊதிப்போய் மல்லாந்து மிதந்தது. வயிறு தண்ணீருக்கு மேலே உப்பிக்கிடந்தது, அதன் மேல் தோல் மெழுகு மாதிரி பளபளத்தது, கண் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. அதைச் சுற்றித் தண்ணீரில் மெல்லிய எண்ணெய்ப் படலம், வெயில் பட்ட இடத்தில் வானவில் வண்ணம். அந்த வண்ணத்தைத்தான் அவனால் மறக்க முடியவில்லை, அவ்வளவு அழகாக இருந்தது. தரை துடைக்கும் மாப்புக் கட்டையால் இழுத்தான். இழுக்கும்போது ஒரு இறக்கை கழன்று தனியாக வந்தது. துணிக்கடைப் பையைக் கையில் மாட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பி, மூச்சைப் பிடித்து, பைக்குள் விட்டான். பையின் அடியில் வெதுவெதுப்பாகக் கனத்தது. பின்பக்கத்துக் காலி மனையில் கருவேல முள்ளுக்குள் வீசினான். அதற்குப் பிறகு செய்ததுதான். திட்டின் மேல் பாக்கெட் ஈரம் படாமல் அப்படியே இருந்தது. அதிலிருந்து ஒன்றை எடுத்துப் பற்றவைத்தான். நாற்றம் போகட்டும் என்று. அந்தக் கையால், அந்தப் பாக்கெட்டிலிருந்து, அந்த வாயில். இப்போது வராந்தாவில் உட்கார்ந்து நினைக்கும்போது உதட்டில் அந்த ஃபில்டரின் பஞ்சு ஒட்டியிருப்பது போல இருந்தது, புறங்கையால் துடைத்தான், துடைத்த புறங்கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் அந்தரத்தில் வைத்துக்கொண்டான்.

தொட்டியைக் காலி பண்ணிக் கழுவ ஆள் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் இறகைப் பார்ப்பார்கள், திட்டின் மேல் இருக்கும் சாம்பலைப் பார்ப்பார்கள், செயலாளரே திறந்து போட்டாரா என்பார்கள், தமயந்தி காதுக்குப் போகும். அதனால் பிளீச்சிங் பவுடர் ஒரு பொட்டலம் வாங்கி வந்து கொட்டினான், இறகுகளைத் தேநீர் வடிகட்டியால் அள்ளினான், வாட்ஸ்அப்பில் செய்தி போட்டான். போர்வெல் மோட்டாரில் சேறு ஏறியிருக்கிறது, இரண்டு நாளில் சரியாகும், ஒத்துழைப்புக்கு நன்றி. கை கூப்பும் படம் இரண்டு. பதிலுக்குப் பதினாறு வீட்டிலிருந்தும் கட்டைவிரல்கள் வந்தன. அந்தத் தண்ணீரில்தான் எல்லோரும் குளித்தார்கள். பத்மாவதி அம்மா சாமி படத்தைத் துடைத்தார். அவன் தனக்கு மட்டும் கேன் தண்ணீர் வாங்கிப் பல் துலக்கினான். தமயந்தி கேட்டதற்கு, ஈறு வலிக்குது, டாக்டர் சொன்னார் என்றான். அவளுக்கும் அந்தக் கேனிலிருந்து ஊற்றிக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் ஏன் என்பாள். ஏன் என்று கேட்கிற பெண்டாட்டி வாய்த்தது குற்றமா. இந்த யோசனை வந்ததும் அவனுக்கே வாய் கசந்தது, ஆனால் கசப்பு அந்த யோசனையை நிறுத்தவில்லை.

அவளுக்குக் கண் பவர் மைனஸ் எட்டு. கண்ணாடி போட்டால் சோடா பாட்டில் அடி மாதிரி இருக்கும். நாற்பது வயதில், பெண்களுக்கு மட்டும் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தபோது கண்ணுக்குள் வைக்கும் லென்ஸுக்கு மாறினாள், ஓரப் பார்வை நல்லா இருக்குங்க என்று. ஏழு வருஷத்தில் முந்நூறு பெண்களாவது அவள் கையில் கியர் மாற்றப் பழகியிருப்பார்கள். காவிரிப் பாலத்தில் பின்னால் லாரி ஹாரன் அடிக்க, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, அவன் அவனுக்கு அவசரம், நீ உன் ரோட்டைப் பாரும்மா என்பாள். ஆவணி பிறந்த நாலாம் நாள் கண் சிவந்தது. பக்கத்துத் தெருக் கண் டாக்டர் வைரஸ் என்று மருந்து கொடுத்தார். பத்து நாளில் வலி ஏறியது. அப்படி ஒரு வலியை அவன் பார்த்ததில்லை, பிரசவத்தில்கூட அவள் அப்படிச் சுருண்டதில்லை. சன்னல் எல்லாம் சாத்தி, திரைக்கு மேல் போர்வை போட்டு, இருட்டறையில் முட்டிக்கு நடுவே தலையை வைத்துக்கொண்டு, கண்ணுக்குள்ள யாரோ ஊசி வச்சு தைக்கிறாங்க என்றாள். வெளிச்சம் பட்டால் வாந்தி எடுத்தாள். அவன்தான் ஈரத்துண்டு வைத்தான். குழாயைத் திறந்து துண்டை நனைத்துப் பிழிந்து மடித்து அவள் கண் மேல் வைத்தான், ஒரு நாளைக்கு இருபது தடவை. நல்லா இருக்குங்க என்றாள். அப்போது அவனுக்குத் தோன்றவில்லை. இல்லை, தோன்றியது. மூன்றாவது நாள் துண்டை நனைக்கும்போது தோன்றியது. ஒரு நொடி கை நின்றது. பிளீச்சிங் போட்டு மாசம் ஆச்சே என்று சொல்லிக்கொண்டு பிழிந்தான்.

கதவு திறந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள். லென்ஸ் டப்பா கொண்டு வந்தீங்களா சார், லேபுக்கு அதையும் கொடுக்கணும் என்றாள். கைப்பையில் ஒரு ஜிப் பைக்குள் இருந்தது. எடுத்துக் கொடுத்தால் போதும், ஆனால் அவள் திறந்து காட்டுங்க, தண்ணி இருக்கான்னு பாக்கணும் என்றாள். வெள்ளை மூடியைத் திருகினான். கிண்ணத்தின் அடியில் மங்கலாக ஒரு படலம், எலுமிச்சை ஊறுகாய் ஜாடியில் மேலே கட்டுமே அதுபோல. ஆட்டியபோது அது ஆடியது, ஒரே துண்டாக, தனக்கென்று ஒரு மனது இருப்பது போல. இதை அவள் ஒவ்வொரு காலையும் விரல் நுனியில் எடுத்துக் கண்ணுக்குள் வைத்துக்கொண்டாள். அவன் டப்பாவை நர்ஸ் கையில் ஏறக்குறைய போட்டான். பாத்ரூம் எங்கே என்று கேட்டு ஓடி, வாஷ் பேசினில் குனிந்தான், ஒன்றும் வரவில்லை, எச்சில் மட்டும் நூலாகத் தொங்கியது.

டாக்டர் பிரிசில்லா அவனை உள்ளே கூப்பிட்டபோது தமயந்தி ஒரு ஸ்டூலில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள், இடது கண் மேல் ஓட்டை ஓட்டையாக ஒரு பிளாஸ்டிக் மூடி. டாக்டருக்கு அவன் வயதுதான் இருக்கும், குரலில் அவசரம் இல்லை. மேசை மேல் இருந்த திரையைத் திருப்பினார். கறுப்புப் பின்னணியில் பச்சையாக ஒளிரும் வட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் உள்ளே இன்னொரு சுவர், உள்சுவர் நட்சத்திரம் மாதிரி கோணல் மாணலாக.

“சந்தேகப்பட்டது சரியாப் போச்சு சார். அமீபாதான். இப்ப நீங்க பாக்கறது அது தூங்கற நிலை. சுத்தி ரெண்டு சுவர் கட்டிக்கிட்டு உள்ள கிடக்கும். அதனாலதான் லேசுல சாகாது.”

“இது... இப்ப அவ கண்ணுக்குள்ள உயிரோட இருக்கா?”

“இருக்கு.”

அவன் திரையையே பார்த்தான். அவை அவளைத் தின்றுகொண்டிருக்கின்றன. இருபத்தைந்து வருஷமாக அவன் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு கண்ணுக்குள் குடித்தனம் நடத்துகின்றன. ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று, அடுக்ககம் மாதிரி.

“கிணத்துல, குளத்துல குளிச்சீங்களாம்மா? லென்ஸ் போட்டுக்கிட்டு ஷவர்ல நின்னீங்களா?” டாக்டர் கேட்டார்.

“இல்ல டாக்டர்.” தமயந்தியின் குரல் மூக்கடைத்தது போல வந்தது. “ஒரு நாள் சொல்யூஷன் தீந்துபோச்சு. காலையில ஆறு மணிக்கு கிளாஸ், ஒரு பொண்ணுக்கு லைசன்ஸ் டெஸ்ட். குழாய்த் தண்ணியில அலசிப் போட்டுக்கிட்டேன். டப்பாவையும் அதுலதான் கழுவினேன். என் தப்புதான்.”

“எந்த மாசம்?”

“ஆடி கடைசி.”

“குழாய்த் தண்ணியில இது எங்கயும் இருக்கலாம்மா. லட்சம் பேர்ல ஒருத்தருக்குத்தான் கண்ணுல ஏறும். டேங்க்ல அழுக்கு தங்கி கிருமி பெருகினா அதைத் தின்னு இதுவும் பெருகும். உங்க வீட்டு டேங்க் எப்ப கழுவினது?”

“எங்க வீட்டுக்காரர்தான் டாக்டர் செயலாளர். அவர் ரொம்ப சுத்தம். அதுல குறை இருக்காது.” அவள் அவன் இருந்த திசைக்கு முகத்தைத் திருப்பினாள். “நான்தான் சோம்பேறித்தனம் பண்ணிட்டேன்.”

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். டாக்டர் அவனைப் பார்த்தார், ஒரு பதிலுக்கு வேண்டிய அளவு நேரம் பார்த்தார். ஏப்ரல்ல கழுவினோம் என்றான். அது உண்மைதான், ஏப்ரலில் கழுவினார்கள். டாக்டர் தாளில் எழுதிக்கொண்டார். முதல் ரெண்டு நாள் ராத்திரி பகல் பாக்காம மணிக்கு ஒருதரம் சொட்டு விடணும், அப்புறம் மாசக் கணக்கில் மருந்து, பார்வை எவ்வளவு மிஞ்சும்னு இப்ப சொல்ல முடியாது, வடு பெரிசா நின்னா பின்னாடி வேற கருவிழி வைக்க வேண்டியிருக்கும் என்றார். மருந்து என்னவென்று அவன் கேட்டான். நீச்சல்குளம் சுத்தம் பண்ணுவாங்கல்ல, அந்த வகை, ரொம்ப நீர்த்தது என்றார். வண்டி ஓட்டலாமா டாக்டர் என்று தமயந்தி கேட்டாள். அதை இப்ப யோசிக்காதீங்கம்மா என்றார் டாக்டர்.

வெளியே கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்தான், இந்தத் தடவை கைக்குட்டை விரிக்க மறந்துபோனது. மருந்து தயாராகிவர ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார்கள். அவள் சுவரில் தலை சாய்த்துக்கொண்டாள். அவன் மண்டைக்குள் ஒரு வக்கீல் எழுந்து நின்றார். லட்சத்தில் ஒருவர் என்று டாக்டரே சொல்லிவிட்டார். கட்டடத்தில் அறுபது பேர், அறுபது பேரும் அதே தண்ணீர், வேறு யாருக்கும் ஒன்றும் இல்லை. லென்ஸைக் குழாயில் கழுவியது யார், அவளேதான் சொல்கிறாளே. புறா இல்லாத தொட்டியிலும் இருக்கும் என்று டாக்டர் வாயாலேயே வந்துவிட்டது. வாதம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு தடவை வாதம் முடிந்ததும் துணிக்கடைப் பையின் அடியில் அந்த வெதுவெதுப்பு கையில் கனத்தது, வக்கீல் முதலிலிருந்து தொடங்கினார். பக்கத்தில் ஒருவர் பாலாடை படிந்த டீயை விரலால் ஒதுக்கி உறிஞ்சினார், ஆடை அவர் மீசையில் ஒட்டியது. மதிவாணன் அதைப் பார்த்தான். இவருக்கு என்ன குறை என்று தோன்றியது. டீ குடிக்கிறார். பெண்டாட்டி தன்னை நம்பிப் பேசும்போது வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆள் இவர் இல்லையே. இத்தனை வருஷம் அடுத்தவர் எச்சிலையும் வியர்வையையும் கண்டு முகம் சுளித்ததெல்லாம் எதற்கு.

போன் அடித்தது. மூன்றாவது மாடி ஜாபர். ஷூ கடை வைத்திருப்பவர், அதிகம் பேசாதவர்.

“மதி சார், வீட்ல அம்மாவுக்கு எப்படி இருக்கு?”

“பாத்துக்கிட்டிருக்காங்க.”

“அல்லாஹ் லேசாக்கட்டும். ஒரு உதவி சார். நம்ம பொண்ணு ரிஸ்வானாவுக்கு அஞ்சு நாளா கண்ணு சிவப்பு. மெட்ராஸ் ஐன்னு மருந்துக்கடையில சொட்டு வாங்கிப் போட்டோம், கேக்கல. அவ வேற கலர் லென்ஸ் போடுவா, காலேஜ் புள்ளைங்க ஸ்டைலு. நீங்க பாக்கற டாக்டர் யாருன்னு சொன்னா, நாளைக்கோ நாளன்னைக்கோ கூட்டிட்டு வரலாம்னு.”

அவன் எழுந்து நின்றான். வக்கீலைக் காணவில்லை. “நாளைக்கு வேணாம்” என்றான். “இப்பவே வாங்க. லென்ஸைக் கழட்டச் சொல்லுங்க. கண்ணுல தண்ணி படக்கூடாது.”

“ஏன் சார், ரொம்ப மோசமா?”

“குழாய்த் தண்ணி வேணாம் ஜாபர் பாய். யாருமே அதுல முகம் கழுவாதீங்க.” தமயந்தி சுவரிலிருந்து தலையை எடுத்ததை அவன் பார்த்தான். நிறுத்தினால் மறுபடி வாய் திறக்காது என்று தெரிந்தது. “போர்வெல்ல சேறுன்னு போட்டேன்ல, அது பொய். ஆடி மாசம் டேங்க்ல ஒரு புறா செத்துக் கெடந்துச்சு. அழுகிப்போயி. மூடியத் திறந்து போட்டது நான். சிகரெட் எடுக்கப் போயிட்டு கல்ல வைக்கல. நானே அதை எடுத்துப் போட்டுட்டு யார்கிட்டயும் சொல்லல. டேங்க்கைக் கழுவவும் இல்ல.”

அந்தப் பக்கம் கடையில் யாரோ சைஸ் எட்டு கேட்கும் சத்தம் வந்தது.

“அஞ்சு வேளைத் தொழுகைக்கும் அந்தத் தண்ணியிலதான சார் ஒளு செய்யறோம்” என்றார் ஜாபர் கடைசியில். “வாய் கொப்பளிச்சு, மூக்குக்கு ஏத்தி. எங்கம்மா, புள்ளைங்க எல்லாரும்.” குரலில் கோபம்கூட இல்லை. “சரி. வர்றேன்.”

அவன் உட்காரவில்லை. தமயந்தி திறந்திருந்த கண்ணைச் சுருக்கி அவன் இருந்த பக்கம் பார்த்தாள், கண்ணாடி இல்லாமல் அவளுக்கு அவன் ஒரு சட்டை நிறமாகத்தான் தெரிந்திருப்பான்.

“எத்தனை நாள் கெடந்துச்சு?”

“நாலு நாள் இருக்கும்.”

“சிகரெட் எனக்குத் தெரியும்” என்றாள். “ஏலக்காய்க்கு மேல வாடை அடிக்கும். மனுஷன் ஒண்ணு ரெண்டு குடிச்சிட்டுப் போகட்டும்னு விட்டேன்.” பிறகு, “நீங்க மட்டும் கேன் தண்ணியில பல்லு தேச்சீங்க” என்றாள். அது கேள்வி இல்லை. அவன் ஆமாம் என்றான். அவள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தாள். அவன் தோளைத் தொடப் போனான். தொடாதீங்க என்றாள், சத்தமில்லாமல், பல்லுக்கு நடுவில். அந்த வழியாகப் போன நர்ஸிடம், சிஸ்டர், பாத்ரூமுக்குக் கொஞ்சம் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறீங்களா என்று கேட்டு எழுந்து போனாள். உள்ளே அவள் வாந்தி எடுப்பது வராந்தா முழுக்கக் கேட்டது.

ஜாபர் முக்கால் மணி நேரத்தில் மகளோடு வந்தார். அந்தப் பெண் கறுப்புக் கண்ணாடிக்குள் பயந்துபோயிருந்தாள். டாக்டர் பிரிசில்லா விஷயத்தைக் கேட்டுவிட்டு வரிசையை நிறுத்தி உடனே உள்ளே எடுத்துக்கொண்டார். மதிவாணனும் ஜாபரும் கதவுக்கு இருபுறமும் நின்றார்கள், ஒருவரை ஒருவர் பார்க்காமல். கால் மணியில் வெளியே வந்து, கருவிழி சுத்தமா இருக்கு, இது சாதாரண மெட்ராஸ் ஐதான், ரெண்டு மாசம் லென்ஸைத் தொடவேண்டாம் என்றார் டாக்டர். ஜாபர் சுவரில் கை ஊன்றிக் கண்ணை மூடிக்கொண்டார். மதிவாணனுக்கும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கிப் போவது நன்றாகத் தெரிந்தது. அது இறங்கி முடிவதற்குள், அதன் வால் பிடித்து இன்னொன்று மேலே வந்தது. மெட்ராஸ் ஐதானா. அப்படியானால் சொல்லாமலே இருந்திருக்கலாமே. ஒரு மணி நேரம் பொறுத்திருந்தால் போதுமே, யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காதே. இந்த நினைப்பு வந்த வேகத்தில் அவன் நின்றுபோனான். தொட்டியில் பார்த்ததும் டப்பாவில் பார்த்ததும் திரையில் பச்சையாக ஒளிர்ந்ததும் எல்லாம் வெளியே இருந்தவை. இது உள்ளே இருந்தது. இரண்டு சுவர் கட்டிக்கொண்டு படுத்திருந்து, ஆபத்து நீங்கியதும் முழித்துக்கொண்டது. இந்தத் தடவை வாந்தி வந்தது. பேசினுக்குப் போகும்வரை கையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினான்.

திரும்பி வந்தபோது ஜாபர் போகக் கிளம்பி நின்றார். “மத்த வீட்டுக்கெல்லாம் நான் சொல்லவா சார், நீங்க சொல்றீங்களா?” என்று மட்டும் கேட்டார். நானே போடறேன் என்றான். தமயந்திக்கு ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்து போனில் எழுதினான். ஒரு வரி எழுத ஐந்து நிமிடம் பிடித்தது. எழுதி முடித்து அனுப்பப் போகையில், என்ன எழுதியிருக்கீங்க, படிங்க என்றாள் அவள். படித்தான். தண்ணீர்த் தொட்டி மூடியை நான் சரியாக மூடாததால் ஒரு புறா விழுந்து இறந்து சில நாள் கிடந்தது. அதை மறைத்தேன். என் மனைவியின் கண்ணில் தண்ணீரால் வரும் தொற்று உறுதியாகியிருக்கிறது. தொட்டி கழுவும்வரை யாரும் குழாய்த் தண்ணீரை வாயிலோ கண்ணிலோ படவிடாதீர்கள். லென்ஸ் போடுபவர்கள், கண் சிவந்தவர்கள் உடனே டாக்டரைப் பாருங்கள். செயலாளர் பொறுப்பிலிருந்து விலகுகிறேன்.

“சில நாள்னு போடாதீங்க. நாலு நாள்னு போடுங்க” என்றாள்.

மாற்றினான்.

“விலகறதெல்லாம் அப்புறம். மொதல்ல டேங்க்கைக் கழுவுங்க. நீங்களே உள்ள இறங்கிக் கழுவுங்க. ஆள விடாதீங்க.”

கடைசி வரியை அழித்துவிட்டு அனுப்பினான். பதில்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின, போன் தொடையில் அதிர்ந்துகொண்டே இருந்தது, அவன் எடுத்துப் பார்க்கவில்லை. நர்ஸ் மருந்துக் குப்பியைக் கொண்டுவந்து, முதல் சொட்டு என் முன்னாடி நீங்களே விடுங்க சார், வீட்ல நீங்கதான விடணும் என்றாள். கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவி, தானாகக் காயவிட்டு வந்தான். தமயந்தி மூடியைக் கழற்றித் தலையை அண்ணாந்தாள். சிவந்து வீங்கிய கண், நடுவில் மோர் நிறத்தில் வளையம், ஓரத்தில் நீர் கோத்து நின்றது. அவன் முகத்தைத் திருப்பவில்லை. இமையைப் பிரிக்கக் கையைக் கொண்டுபோனான். அவள் அந்தக் கையைத் தடுத்துவிட்டு, தன் இரண்டு விரலாலும் தானே இமையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டாள். விடுங்க என்றாள். அவன் எங்கும் படாமல், மேலேயிருந்து குப்பியை அழுத்தினான்.